பழைய வேன் வாங்கப் போறீங்களா? மைலேஜும் கியரும் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

(திருவையாறில் நடந்த கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தின் மூன்றாவது பொருள் வேன் கடன். சிப்ஸ் போடும் குழு, மசாலாப் பொடி அரைக்கும் குழு, வாழைநார்க் கூடை பின்னும் குழு, மூன்றும் சேர்ந்து மனு கொடுத்திருக்கிறார்கள். ஒரு பழைய வேன் வாங்க வேண்டும், கூட்டமைப்பு நிதியிலிருந்து கடன் வேண்டும் என்று கேட்கிறார்கள். மனுவைப் படித்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். "மைலேஜ் நல்லா இருக்கிற வண்டியா வாங்குங்க" என்றார் ஒரு அக்கா. "ஆட்டோ கியர் வண்டின்னா நாமளே ஓட்டலாமே" என்றார் இன்னொருவர். "வேனே எதுக்கு, பஸ்ல மூட்டையைப் போட்டுப் போனா ஆகாதா?" என்று பின்வரிசையில் ஒரு குரல். மூன்றுமே நல்ல கேள்விகள். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். சமூகப் பணி படித்தவங்களுக்கு கியர் பாக்ஸ் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கலாம். தஞ்சாவூரில் மெக்கானிக்குகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வந்ததைத்தான் சொல்கிறோம்.

முதலில் பஸ் கேள்வியை முடிப்போம். சுய உதவிக் குழு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அரசுப் பேருந்தில் 25 கிலோ வரை பொருளை 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் கட்டணம் இல்லாமல் கொண்டு போகலாம் என்று 2025-இல் அறிவிப்பு வந்தது. 10, 20 கிலோ சரக்கை வைத்திருக்கிற குழு வேன் பக்கமே போக வேண்டாம். பஸ்ஸே போதும். ஆனால் சிப்ஸ் எடை இல்லாத பொருள், இடத்தை அடைக்கும் பொருள். பத்து கிலோ சிப்ஸ் ஒரு சாக்கு மூட்டை. கூட்டத்தில் நசுங்கினால் தூளாகிவிடும். கூடையும் அப்படித்தான். அதனால் இந்த மூன்று குழுவுக்கும் வண்டி தேவை என்பது நியாயம்தான். எந்த வண்டி என்பதுதான் கேள்வி.

புரோக்கர் ஒருவர் இவர்களுக்கு மூன்று வண்டி காட்டியிருக்கிறார். ஒன்று பழைய மெட்டாடர். இரண்டாவது மாருதி ஆம்னி. மூன்றாவது மாருதி ஈக்கோ. மூன்றின் கதையும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் வண்டியின் வயசுதான் பாதிச் செலவை முடிவு செய்கிறது.

மெட்டாடர் நம்ம ஊரில் கல்யாணப் பார்ட்டிக்கும் நாதஸ்வரக் கோஷ்டிக்கும் ஓடிய வண்டி. பஜாஜ் டெம்போ என்ற கம்பெனி, ஜெர்மனிக்காரர்களின் டெம்போ வேனைப் பார்த்து 1969-இல் இங்கே கொண்டு வந்தது. நாம் சின்ன லாரியைப் பார்த்தால் "டெம்போ" என்கிறோமே, அது அந்தக் கம்பெனிப் பெயர்தான். 2005-இல் கம்பெனி தன் பெயரையே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டது. நம் வாயில் மட்டும் டெம்போ ஒட்டிக்கொண்டது. மெட்டாடர் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. ஆகவே உங்களுக்குக் காட்டுகிற மெட்டாடர் எப்படிப் பார்த்தாலும் இருபது வயசைத் தாண்டியது. விலை குறைவு என்று சொல்வார்கள். ஆனால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டிக்கு ஆர்.சி. புக் 15 வருடத்துக்குத்தான். அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கார், வேன் வகைக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வயசு தாண்டிய வண்டிக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். டிங்கரிங், பெயின்ட், எஃப்.சி. காட்டுவதற்கான ரிப்பேர் எல்லாம் இதற்கு மேலே. ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலைவது தனி. மெட்டாடர் மேல் பாசம் வைத்திருப்பவர்கள் வாங்கி அழகு பார்க்கட்டும். மாதத் தவணை கட்டப் போகும் குழுவுக்கு அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஆம்னி 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது. 796 சி.சி. பெட்ரோல் எஞ்சின், மூன்று சிலிண்டர், நாலு கியர். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சித்திரை வெயிலில் ஓட்டுகிறவருக்குத் தனி அடுப்பு வேண்டாம்! 2019-இல் உற்பத்தி நின்றுவிட்டது. ஈக்கோ 2010-இல் வந்தது. எஞ்சின் பெரிசு, ஏறத்தாழ 1200 சி.சி., அஞ்சு கியர். இன்றும் புதிதாக விற்கிறது. இரண்டிலும் பின் சீட்டை எடுத்துவிட்டால் தாராளமாகச் சாமான் ஏற்றலாம். ஆனால் சீட்டை எடுப்பதென்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு ஆர்.சி.யில் குறித்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இப்போது மைலேஜுக்கு வருவோம்.

விற்கிறவர் எல்லாரும் "லிட்டருக்கு இருபது கொடுக்கும்" என்பார். புது ஈக்கோ பெட்ரோல் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் சோதனைக் கணக்கே 19.71 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்தில், லோடு இல்லாமல், ஒழுங்கான வேகத்தில் எடுத்த கணக்கு. நம்ம ரோட்டில், மூட்டையோடு, பத்து வயசு வண்டிக்கு அது வராது. பழைய ஆம்னி 13 கொடுத்தால் சந்தோஷப்படுங்கள், 16 கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. மைலேஜ் எண் நம்மை ஏமாற்றும். எப்படி என்று பாருங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்று வைப்போம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று சுலபமாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கொடுக்கிற வண்டிக்கு 150 லிட்டர் வேண்டும். 12 கொடுக்கிற வண்டிக்கு 125 லிட்டர். இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் மாதம் 25 லிட்டர், 2,500 ரூபாய் மிச்சம். சரி, 18 கொடுக்கிற வண்டியையும் 20 கொடுக்கிற வண்டியையும் பாருங்கள். முதலாவதுக்கு 83 லிட்டர், இரண்டாவதுக்கு 75 லிட்டர். அதே இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம்தான், மிச்சம் 8 லிட்டர், 800 ரூபாய்தான். அதனால் "ரெண்டு கிலோமீட்டர் கூடுதல் கொடுக்கும்" என்று யாராவது சொன்னால், எதிலிருந்து எதுக்கு என்று கேளுங்கள். 9 கொடுக்கும் வண்டியைச் சரிசெய்து 11 ஆக்கினால் பெரிய லாபம். ஏற்கெனவே நல்ல மைலேஜ் கொடுக்கிற வண்டியில் இன்னும் இரண்டைத் தேடி, அதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுப்பது லாபம் இல்லை. வீட்டில் கணக்குப் போடும்போது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

இந்த மூன்று குழுவின் ஓட்டத்தையும் அவர்களோடு உட்கார்ந்து எழுதினோம். வாரம் மூன்று நாள் தஞ்சாவூர். போக வர 25 கிலோமீட்டர், வழியில் கிராமங்களில் சரக்கு எடுக்க 15, ஆக 40. மாதம் 12 நாளுக்கு 480. வாரம் ஒருநாள் கும்பகோணம், போக வர 75 என்று வைத்தால் மாதம் 300. சில்லறை ஓட்டத்தையும் சேர்த்து மாதம் 800 கிலோமீட்டர், 16 நாள்.

இப்போது ஆம்னியையும் ஈக்கோவையும் பக்கத்தில் வைப்போம். ஆம்னி ஒரு லட்சம், லிட்டருக்கு 13. ஈக்கோ மூன்று லட்சம், லிட்டருக்கு 16. இது கணக்குக்காக வைத்த விலை, சந்தையில் கூடும் குறையும். 800 கிலோமீட்டருக்கு ஆம்னிக்கு 61.5 லிட்டர், ஈக்கோவுக்கு 50 லிட்டர். ஈக்கோவில் மாதம் 1,150 ரூபாய் மிச்சம். ஆனால் கூடுதலாக வாங்கும் இரண்டு லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 2,000. அசல் தனி. மைலேஜுக்காக ஈக்கோ வாங்கினால் மாதம் 850 ரூபாய் கையை விட்டுப் போகிறது. இதே வண்டி மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடினால் கணக்கு தலைகீழ். பெட்ரோல் மிச்சம் 3,600 ரூபாய், வட்டி அதே 2,000. அப்போது ஈக்கோதான் சரி. அதனால் யாராவது "எந்த வண்டி நல்ல வண்டி?" என்று கேட்டால், மாதம் எவ்வளவு ஓட்டப் போறீங்க என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். ஓட்டம் தெரியாமல் மைலேஜ் பேசுவது, ஆள் கணக்கு தெரியாமல் உலை வைப்பது மாதிரி.

பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இப்போது பங்கில் வருவது இ-20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு. இந்தக் கலப்புக்காகச் செய்யப்படாத பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 13 கொடுத்த வண்டி 12 கொடுக்கும். பழைய வண்டியில் ரப்பர் குழாய், வாஷர் எல்லாம் சீக்கிரம் இளகும். வாங்கியதும் பெட்ரோல் குழாய்களை மாற்றிவிடுங்கள். பெரிய செலவு இல்லை. எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில் குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதே காரணத்துக்காக இதையும் சொல்கிறோம்: வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் ஓட்டுகிற ஆம்னியைத் தொடவே தொடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கு ஆபத்து. கேஸ் வண்டி என்றால் ஆர்.சி.யில் அப்படியே எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து கியர். நாலு கியரா, அஞ்சு கியரா, ஆட்டோ கியரா?

தையல் மெஷின் மிதிக்கிற சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம். கீழே ஒரு சுற்று மிதித்தால் மேலே பல சுற்று ஓடும். மெல்லிய துணியில் சர்ரென்று போகும். ஜீன்ஸ் மடிப்பு வந்தால் நின்றுவிடும், அப்போது கையால் சக்கரத்தைத் திருப்பி மெதுவாகத் தள்ளுவோம். வண்டியில் டாப் கியர் என்பது மெல்லிய துணி. எஞ்சின் கொஞ்சமாகச் சுற்றும், சக்கரம் நிறையச் சுற்றும், பெட்ரோல் குறையும். பாலத்து ஏற்றம் வந்தால் அது தடிமனான மடிப்பு. கியரைக் குறைத்தால்தான் ஏறும்.

நம்ம ஊர் வயல் மாதிரித் தட்டையான ஊர். கொடைக்கானல் மலை இல்லை. ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வருவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அஞ்சு ஆறு தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கணும், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்கணும், நெல் லாரியின் பின்னாலேயே ஊர்ந்து போகணும். இந்த ரோட்டில் வேகம் 30, 40. அஞ்சாவது கியர் போட வாய்ப்பே குறைவு. அதாவது தஞ்சாவூருக்கும் சுற்றுக் கிராமத்துக்கும் ஓடும் வண்டிக்கு நாலு கியர் போதும். நாலு கியர் வண்டி அஞ்சு கியர் வண்டியைவிட இந்த ரோட்டில் பெரிதாகக் கூடக் குடிக்காது.

அஞ்சாவது கியரின் பெருமை திருச்சி போகும் நாலு வழிச் சாலையில்தான் தெரியும். அங்கே எழுபதில் ஒரே சீராகப் போகும்போது நாலு கியர் ஆம்னி கத்தும். அஞ்சு கியர் வண்டி அமைதியாகப் போகும், பெட்ரோலும் மிச்சம். அடிக்கடி நீண்ட தூரம் போகிற குழு அஞ்சு கியர் பார்க்க வேண்டும். ஆனால் நீண்ட சாலையிலும் கியரைவிட வேகம்தான் பெட்ரோலைக் குடிக்கிறது. வேன் பெட்டி மாதிரி உருவம், காற்றைக் கிழிக்காது, முட்டித் தள்ளும். 60-இலிருந்து 80-க்குப் போனால் காற்று தடுக்கும் விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிறது.

இதில் டிரைவர்கள் செய்யும் ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறோம். "டாப் கியர்ல போனா பெட்ரோல் மிச்சம்" என்று கேள்விப்பட்டு, பாலத்து மேலேயே 25 வேகத்தில் டாப் கியரை மாற்றாமல் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். வண்டி உதறும், எஞ்சின் திணறும். அதில் மிச்சம் ஒன்றும் இல்லை, கேடுதான். இன்னொன்று, கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது. கிளட்ச் பிளேட் தேய்ந்து சீக்கிரம் கையைக் கடிக்கும். பழைய வண்டியில் மைலேஜ் குறைகிறதென்றால் எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன் டயரில் காற்று, கிளட்ச், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள்.

ஆட்டோ கியர் பற்றிக் கேட்ட அக்காவுக்கு இப்போது பதில். ஆம்னியிலும் ஈக்கோவிலும் ஆட்டோ கியர் வந்ததே இல்லை. "ஆட்டோ கியர் ஆம்னி" என்று யாராவது விற்றால் அது கம்பெனி செய்ததல்ல. ஆட்டோ கியரில் இரண்டு வகையை மட்டும் இங்கே பார்ப்போம். பழைய முறையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய்தான் இருந்து சக்தியைக் கடத்தும். அதில் கொஞ்சம் சக்தி எண்ணெயைக் கலக்குவதிலேயே வீணாகும். அதனால்தான் பழைய ஆட்டோ கியர் வண்டிகள் பெட்ரோலை அதிகம் குடித்தன. ஜெர்மனியில் 1950-இலிருந்து ஃபோக்ஸ்வேகன் கம்பெனி செய்த வேனில், வெளிநாட்டுக்காரர்கள் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து வீடு மாதிரிப் பயணம் போவார்கள். 1970-களில் அதற்கும் மூன்று கியர் ஆட்டோ வந்தது. அந்தப் பழைய வேனைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் கை கியரா, ஆட்டோ கியரா என்று நம்மைப் போலவே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது வகை புதுசு. சாதாரண கியர் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு மோட்டார் மாற்றும். இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோ காரில் வந்தது. மைலேஜ் கை கியருக்குச் சமமாகவே இருக்கும். ஆனால் அது கார், வேன் இல்லை. கோளாறு வந்தால் திருவையாறு மெக்கானிக் கை வைக்க மாட்டார். கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். ஆம்னி கிளட்ச் பிளேட்டை நம்ம ஊரிலேயே ஒரு நாளில் மாற்றிவிடலாம்.

ஆனால் அந்த அக்கா கேட்டதற்குள் இருக்கிற கேள்வி மைலேஜைவிடப் பெரிசு: வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். மாதம் 800 கிலோமீட்டருக்கு ஆம்னிக்குப் பெட்ரோல் 6,150 ரூபாய். டிரைவருக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய் என்று வைத்தால் 16 நாளுக்கு 11,200. நாம் இவ்வளவு நேரம் பேசிய மைலேஜ் மிச்சம் எல்லாம் டிரைவர் கூலி முன்னால் காணாமல் போகிறது. டிரைவர் வராத நாளில் சிப்ஸ் வீட்டிலேயே கிடக்கும். எங்கள் பகுதியில் ஒரு குழு இப்படித்தான் சிக்கியது. வண்டி நல்ல வண்டி, மைலேஜும் கொடுத்தது. டிரைவர் கூலி, அவர் கேட்ட முன்பணம், அவர் சொந்த வேலைக்கு எடுத்துப்போன ஓட்டம் எல்லாம் சேர்ந்து எட்டு மாதத்தில் தவணை கட்ட முடியவில்லை. வாங்கிய விலையில் பாதிக்கு விற்றார்கள். மீதிக் கடனை உறுப்பினர்கள் சேமிப்பிலிருந்து கட்டினார்கள்.

அதனால் எங்கள் பரிந்துரை இது. வேன் கடனோடு, குழுவுக்கு ஒருவர் வீதம் மூன்று பேருக்கு டிரைவிங் பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கை கியரிலேயே கற்றுக்கொள்ளட்டும். ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு ரோட்டுப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கிளட்ச் பழக ஒரு மாதம். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்ட். கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. தனி லைசென்ஸ் வேண்டுமே என்ற பயம் வேண்டாம். "பொம்பளை வேன் ஓட்டினா ஊர் என்ன சொல்லும்" என்று கேட்டார் ஒரு தங்கச்சி. முதல் வாரம் சொல்லும். அப்புறம் "நம்ம மூட்டையையும் ஏத்திக்கிட்டுப் போம்மா" என்று கேட்கும். அங்கேதான் கவனம். வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆளோ சரக்கோ ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது.

கண்காட்சிக்குப் போகும்போது வேனிலேயே படுத்துக்கொள்ளலாம், லாட்ஜ் செலவு மிச்சம் என்றும் மனுவில் எழுதியிருக்கிறார்கள். ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாறிலேயே கடை போடும்போது சரக்குக்குக் காவலாக இருவர் வேனில் படுக்கலாம், சரி. சென்னைக்கு என்றால் யோசியுங்கள். போக வர 700 கிலோமீட்டர், பெட்ரோல் மட்டும் 5,400 ரூபாய். ரயிலில் இரண்டு பேர் போய், சரக்கை பார்சலில் அனுப்பினால் எவ்வளவு என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். வேனில் படுக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கக் கூடாது. கதவை மூடிக்கொண்டு உள்ளே அடுப்புப் பற்றவைக்கவும் கூடாது. அந்தப் புகையில் வாசனையே தெரியாத விஷவாயு இருக்கிறது.

வண்டி பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது? முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் முழுசாக எரியவில்லை, மைலேஜ் அங்கேயே போகிறது. ஓட்டும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் மட்டும் கத்தி, வண்டி வேகம் எடுக்காமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கறகறவென்று சத்தம் வந்தாலோ, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக விடுபட்டாலோ கியர் பாக்ஸ் வேலை இருக்கிறது. விலையில் அதைக் கழியுங்கள். கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீர்கள், பெடல் ரப்பரைப் பாருங்கள். மீட்டர் 40,000 காட்டி, பெடல் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

மைலேஜைச் சொந்தமாக அளந்து பாருங்கள். ஒரு பங்கில் பெட்ரோல் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். லோடு வைத்துத் தஞ்சாவூர், கும்பகோணம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுங்கள். அதே பங்கில் மறுபடி அதே மாதிரி நிரப்புங்கள். 132 கிலோமீட்டர் ஓடி 11 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12. விற்கிறவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

கடைசியாகப் பெயர். சுய உதவிக் குழு பதிவு பெற்ற அமைப்பு அல்ல, அதனால் குழுவின் பெயரில் ஆர்.சி. எடுப்பது சிரமம். ஊக்குநர் பெயரில் எடுத்து, நாளைக்கு அவர் குடும்பத்தில் ஏதாவது பிரச்சினை என்றால் வண்டி யாருடையது? நம் கூட்டமைப்பு பதிவு பெற்றது. ஆகவே கூட்டமைப்பின் பெயரில் வாங்கி, மூன்று குழுக்களும் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர், யார் பெட்ரோல் போடுவது என்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விற்கிறவரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வண்டி மேல் பழைய பைனான்ஸ் இருந்தால் படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் வேண்டும். ஆம்னியின் ஆர்.சி. எந்த வருடம் முடிகிறது என்று பார்த்து, அதையும் இன்சூரன்ஸ் தேதியையும் வண்டிக்குள் ஒட்டி வையுங்கள்.

புதன்கிழமை காலை மூன்று குழுவிலிருந்தும் இரண்டு இரண்டு பேர் மெக்கானிக்கோடு போய் அந்த ஆம்னியைப் பார்க்கிறார்கள். பெட்ரோல் நிரப்பிய இரண்டு ரசீதையும் மினிட் புத்தகத்தில் ஒட்டிக் கொண்டு வாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கடன் தொகையை முடிவு செய்வோம். டிரைவிங் பள்ளிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்றைக்கே கணக்காளரிடம் பதிவு செய்துவிட்டுப் போங்கள். இதுவரை இரண்டு பெயர் வந்திருக்கிறது, கூடைக் குழுவிலிருந்து இன்னும் யாரும் தரவில்லை.